மூட்டையை இறக்க ஓர் இடம்!

நடந்து வருகிறவனுக்குச் சோறும் திண்ணையும் கொடுத்தால் ஜெயில்! அப்படியும் கொடுத்தார்கள் நம் மக்கள்!

நெடுந்தூரம் நடந்து பிரயாணம் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். "எந்த மைல் கஷ்டமானது?" என்று கேளுங்கள்.

முதல் மைல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். "கடைசி மைல்தான்!" என்பார்கள்.

முதுகில் மூட்டை. தோளில் வலி. காலில் கொப்புளம். தூரத்தில் ஊர் தெரிகிறது. கோயில் கோபுரம் தெரிகிறது. ஆனால் நடக்க நடக்க ஊர் தள்ளிப் போவது போலவே இருக்கிறது.

அந்த நேரத்தில் மனதில் ஒரே கேள்விதான் இருக்கும்.

"மூட்டையை இறக்க அங்கே ஓர் இடம் கிடைக்குமா? ஒரு வாய் தண்ணீர் கொடுப்பார்களா?"

இந்தக் கேள்விக்கு நம் நாட்டு மக்கள் என்ன பதில் சொன்னார்கள்? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

எல்லைப்புற ஊர்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூருக்கு வடகிழக்கே பேரிகை என்று ஓர் ஊர் இருக்கிறது. கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர். அந்தப் பக்கம் மாலூர், மாஸ்தி. இந்தப் பக்கம் ஓசூர், சூளகிரி. தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று மொழியும் அங்கே காதில் விழும்.

இன்று ஓசூர் என்றால் தொழிற்சாலைதான் நினைவுக்கு வரும். ஷிப்டு முடிந்து பஸ் பிடிக்க ஓடும் கூட்டம்தான் நினைவுக்கு வரும். ஆனால் பஸ் வருவதற்கு முன்னால் அந்த வட்டாரத்து மக்களும் நடந்துதான் போனார்கள். ராகி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்கு நடந்தார்கள். பெண் எடுக்கவும் நடந்தார்கள், சாவுக்கும் நடந்தார்கள்.

இதே ஓசூர் வட்டாரத்தில் தொரப்பள்ளி என்ற சின்னக் கிராமம் இருக்கிறது. 1878-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி அந்தக் கிராமத்து முன்சீப் வீட்டில் ஒரு ஆண் குழந்தை பிறந்தது.

அந்தக் குழந்தைதான் ராஜாஜி!

சேலத்தில் வக்கீல் தொழில் செய்தவர். பிறகு சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தவர். இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரலாக இருந்தவர்.

அவர் தமது 51-வது வயதில் ஒரு நெடும் பயணம் நடந்தார். காரில் அல்ல, ரெயிலில் அல்ல. கால்நடையாக 150 மைல்! அதாவது சுமார் 240 கிலோ மீட்டர். அந்தக் கதைக்குப் போகுமுன், அந்தக் காலத்து வழிப்போக்கனுக்கு என்னென்ன வசதி இருந்தது என்று தெரிந்துகொள்வோம்.

சுமைதாங்கிக் கல்

பழைய சாலைகளின் ஓரத்தில் ஒரு கல்லமைப்பைச் சிலர் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல் தூண்கள் நட்டிருக்கும். அவற்றின் மேல் ஒரு கல் குறுக்கே படுத்திருக்கும். இதுதான் சுமைதாங்கி.

இது எதற்கு?

தலையில் பாரம் சுமந்து வருகிறவனுக்குச் சும்மாடும் உண்டு, பலமும் உண்டு. ஆனால் தனி ஆளாக மூட்டையைத் தரையில் இறக்கிவிட்டால், திரும்பத் தூக்கித் தலையில் வைக்க இன்னொரு ஆள் வேண்டும். ஆள் இல்லாத காட்டு வழியில் என்ன செய்வான்?

அதனால்தான் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக அந்தக் கல்லை வைத்தார்கள். தலையிலிருந்து மூட்டையை அப்படியே கல்லின் மேல் தள்ளிவிடலாம். இளைப்பாறிய பிறகு, குனியாமல் அப்படியே தலைக்கு இழுத்துக்கொள்ளலாம். யார் உதவியும் வேண்டாம்!

இந்தக் கல்லை யார் நட்டார்கள்?

பெரும்பாலும், வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அவர்களுடைய குடும்பத்தார் நட்டார்கள். "சுமையை இறக்க முடியாமல் போய்விட்டாளே! வழியில் போகிறவர்களின் சுமையாவது இறங்கட்டும்" என்பது அவர்களுடைய எண்ணம்.

எத்தனை பெரிய துக்கம்! அந்தத் துக்கத்திலும் முன்பின் தெரியாத வழிப்போக்கனை நினைத்தார்கள்.

சோறு போட்ட சத்திரங்கள்

பகலுக்குச் சுமைதாங்கி. இரவுக்குச் சத்திரம்.

மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகள் போட்டதையும், சத்திரங்கள் கட்டியதையும் பாட்டிமார்கள் இன்றும் கதையாகச் சொல்வார்கள். தஞ்சாவூரை ஆண்ட மராட்டிய மன்னர்களும் பல சத்திரங்களைக் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் உள்ள முத்தம்மாள் சத்திரம், சரபோஜி மன்னர் காலத்தது.

அந்தச் சரபோஜி மன்னர் 1801-ம் ஆண்டில் ஆங்கிலேய ரெசிடெண்டுக்குக் கடிதம் எழுதினார். தம் நாட்டுச் சத்திரங்களில் என்ன நடக்கிறது என்று அதில் விவரித்தார். வருகிறவர்களுக்கு உணவு உண்டு. நோயாளிக்கு மருந்து உண்டு. அனாதைக் குழந்தைக்குப் பராமரிப்பு உண்டு. கர்ப்பிணிப் பெண்களுக்குத் தனிக் கவனிப்பு உண்டு என்று எழுதினார். இந்தத் தர்மம் நிற்கக் கூடாது என்பது அவர் கவலை.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வழிப்போக்கனுக்குச் சோறு போடுவதில் பேர் பெற்ற சீமை தஞ்சாவூர்ச் சீமை. அதே சீமையில் 129 ஆண்டுகள் கழித்து ஓர் உத்தரவு வந்தது.

"நடந்து வருகிறவர்களுக்குச் சோறு போடாதே!"

உப்புக்காக ஒரு நடை

1930-ம் ஆண்டு. நாட்டை வெள்ளைக்காரர்கள் ஆண்ட காலம்.

அப்போது உப்புக்கு வரி உண்டு. கடற்கரையில் தானாக விளையும் உப்பை ஒரு பிடி அள்ளினாலும் குற்றம். பணக்காரனுக்கு இந்த வரி ஒரு பொருட்டல்ல. வெயிலில் வேர்வை சிந்தி உழைப்பவனுக்குத்தான் உப்பு அதிகம் தேவை. ஆகவே ஏழையின் வேர்வைக்குப் போட்ட வரி அது!

"இந்தச் சட்டத்தை மீறுவோம்" என்றார் காந்தி அடிகள். மார்ச் 12-ந் தேதி சபர்மதி ஆசிரமத்திலிருந்து 78 தொண்டர்களுடன் கிளம்பினார். தோளில் ஒரு பை. கையில் ஒரு மூங்கில் தடி. சுமார் 240 மைல் நடந்து தண்டிக் கடற்கரையை அடைந்தார். ஏப்ரல் 6-ந் தேதி உப்பு எடுத்தார்.

வழியில் தங்கும் ஊர்களுக்குக் காந்தி முன்கூட்டியே சொல்லி அனுப்பினார். "எளிய உணவு போதும். பலகாரம் வேண்டாம்" என்பது அவருடைய கட்டளை. ஒரு நாள் தொண்டர்களுக்காக லாரியில் பால் வரவழைத்தார்கள் என்று தெரிந்தது. இரவில் கூலியாள் தலையில் பெரிய விளக்கைச் சுமந்து வந்ததையும் காந்தி கண்டார். அவருக்கு வருத்தம் தாங்கவில்லை. மார்ச் 29-ந் தேதி பட்காம் என்ற ஊரில் அதைப் பொதுக்கூட்டத்திலேயே கண்டித்துப் பேசினார். ஏழைக்காக நடக்கிறவன் ஏழையின் தலையில் சுமை ஏற்றலாமா என்பது அவர் கேள்வி.

திருச்சியிலிருந்து வேதாரண்யம்

தமிழ்நாட்டில் இந்தப் போரை நடத்த ராஜாஜி முன்வந்தார். வேதாரண்யம் கடற்கரையைத் தேர்ந்தெடுத்தார். அங்கே எல்லா ஏற்பாடும் செய்ய வேதரத்தினம் பிள்ளை இருந்தார்.

1930 ஏப்ரல் 13. சித்திரை வருடப்பிறப்பு! திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து சுமார் நூறு தொண்டர்கள் கிளம்பினார்கள். ராஜாஜி முன்னால் நடந்தார். நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை எழுதிக் கொடுத்த பாட்டைத் தொண்டர்கள் பாடிக்கொண்டே போனார்கள்.

சித்திரை வெயில். சாலையில் அனல். நாளொன்றுக்குச் சுமார் பத்து மைல் நடை. பதினைந்து நாள் நடந்தால்தான் வேதாரண்யம்.

நூறு பேருக்கும் தினமும் சோறு வேண்டும். படுக்க இடம் வேண்டும். அவர்கள் கையில் பணம் கிடையாது. வழியில் உள்ள ஊர்களை நம்பித்தான் கிளம்பினார்கள்.

அந்த நம்பிக்கையில்தான் சர்க்கார் கை வைத்தது.

கலெக்டர் போட்ட உத்தரவு

தஞ்சாவூர் ஜில்லா கலெக்டராக அப்போது இருந்தவர் தார்ன் என்ற ஆங்கிலேயர். கெட்டிக்காரர். தொண்டர்களை வழியிலேயே அடித்து விரட்டினால், ஜனங்களின் கோபம் கிளம்பும் என்று அவருக்குத் தெரியும்.

ஆகவே வேறு வழி கண்டுபிடித்தார். "நடப்பவனைத் தொடாதே. அவனுக்குச் சோறு போடுகிறவனைப் பிடி! இடம் கொடுக்கிறவனைப் பிடி!"

தொண்டர்களுக்கு உணவோ இடமோ கொடுப்பது குற்றம் என்று அறிவித்தார். இந்தியத் தண்டனைச் சட்டம் 157-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை ஜெயில், அபராதமும் உண்டு. துண்டுப் பிரசுரம் அச்சடித்தார்கள். ஊர் ஊராகத் தமுக்கு அடித்தார்கள்.

பேரிகை என்றால் பெரிய முரசு. நல்ல சேதி சொல்லவும் முரசு அடிப்பார்கள், பயமுறுத்தவும் அடிப்பார்கள். அன்று தஞ்சைச் சீமையில் அடித்தது பயமுறுத்தும் முரசு.

ராஜாஜி இதைக் கேட்டுச் சிரித்தார். 'தார்ன்' என்றால் இங்கிலீஷில் முள் என்று பொருள். "இந்த முள்ளும் முட்செடியும் விடுதலை வெள்ளத்தைத் தடுத்துவிடாது" என்ற பொருள்படப் பேசினார்.

பேச்சு சரி. ஆனால் சாயங்காலம் ஆனதும் கால் வலிக்குமே! வயிறு பசிக்குமே! அடுத்த ஊரில் கதவு திறக்குமா?

தொண்டர்களுக்கு மட்டும் அல்ல சோதனை. வழியில் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் அது சோதனை. வீட்டுக்காரருக்குப் பெண்டு பிள்ளைகள் உண்டு. நிலம் உண்டு. ஜெயிலுக்குப் போனால் யார் காப்பாற்றுவார்கள்?

கும்பகோணத்தில் திறந்த கதவு

படை கும்பகோணம் வந்து சேர்ந்தது. அங்கே பந்துலு அய்யர் என்ற பெரிய மனிதர் இருந்தார். உத்தரவு அவருக்கும் தெரியும். தண்டனையும் தெரியும்.

அவர் வாசல் கதவைத் திறந்தார். தொண்டர்களைத் தங்க வைத்தார். இலை போட்டுச் சாப்பாடு போட்டார்.

போலீஸ் வந்தது. பந்துலு அய்யரைக் கைது செய்தது. சிறைக்கும் அனுப்பியது.

அவர் செய்த குற்றம் என்ன? நடந்து வந்தவனுக்குச் சோறு போட்டது!

இதோடு ஊர்கள் பயந்துவிடும் என்று அதிகாரிகள் நினைத்தார்கள். நடந்தது வேறு.

மரத்தில் காய்த்த சோறு!

தொண்டர்கள் அடுத்த ஊரை நெருங்குகிறார்கள். ஊர் அமைதியாக இருக்கிறது. வரவேற்பு இல்லை. இலை போட ஆள் இல்லை.

சாலையோர மரங்களை நிமிர்ந்து பார்க்கிறார்கள். கிளைகளில் பொட்டலம் பொட்டலமாக ஏதோ தொங்குகிறது. அவிழ்த்துப் பார்த்தால் சோறு!

இரவோடு இரவாகக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். யார் கட்டினார்கள்? தெரியாது. எந்த வீட்டு அடுப்பில் வெந்த சோறு? அதுவும் தெரியாது. ஆற்றங்கரையில் தங்கும் இடங்களில் மணலுக்குள் உணவைப் புதைத்து வைத்து அடையாளம் காட்டினார்களாம்.

சட்டம் என்ன சொல்லிற்று? 'சோறு கொடுக்கிறவனைப் பிடி' என்று சொல்லிற்று. மரம் சோறு கொடுத்தால் மரத்தையா பிடிப்பது? எந்தப் போலீஸ்காரர் எந்தக் கிளைக்கு விலங்கு மாட்டுவார்?

எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்கள் செய்த யோசனை இது. மெத்தப் படித்த கலெக்டரின் உத்தரவு அங்கே தோற்றுப் போயிற்று!

திருத்துறைப்பூண்டியில் ஒரு சத்திரம். அதைக் கவனித்து வந்தவர் ராமச்சந்திர நாயுடு. தொண்டர்களுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று அவரை எச்சரித்தார்கள். சத்திரம் கட்டியதே வழிப்போக்கனுக்காகத்தானே! அவர் அஞ்சவில்லை. இடம் கொடுத்தார். அவரும் கைதானார்.

சர்க்காரின் மேல் ஜனங்களுக்கு இருந்த பக்தி செத்துப் போய்விட்டது என்ற கருத்தில் தார்ன் துரையே மேலிடத்துக்கு எழுத வேண்டியதாயிற்று.

கடைசி மைல்

ஏப்ரல் 28-ந் தேதி படை வேதாரண்யம் சேர்ந்தது. ஏப்ரல் 30-ந் தேதி அதிகாலை, ராஜாஜி சில தொண்டர்களோடு அகஸ்தியம்பள்ளிப் பக்கம் உப்பளத்துக்குப் போனார். உப்பை அள்ளினார். போலீசார் கைது செய்தார்கள். ஆறு மாதச் சிறை!

போராட்டம் அதோடு நிற்கவில்லை. ருக்மணி லட்சுமிபதி போன்ற பெண்களும் உப்பு எடுத்துச் சிறை சென்றார்கள்.

வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற முடி திருத்தும் தொழிலாளி இருந்தார். ஒரு நாள் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகம் முடிந்தபோதுதான் அவர் போலீஸ்காரர் என்று தெரிந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "செய்து முடி" என்று மாஜிஸ்திரேட் உத்தரவிட்டார். "நீங்களே செய்யுங்கள்" என்று வைரப்பன் தம் பெட்டியை அவர் முன் வைத்தார். ஜெயிலுக்குப் போனார்!

கும்பகோணத்துப் பெரிய மனிதர் செய்யத் துணிந்தார். வேதாரண்யத்துத் தொழிலாளி செய்ய மறுத்தார். இரண்டும் ஒரே வீரம்தான்.

அகஸ்தியம்பள்ளியில் இன்று உப்புச் சத்தியாக்கிரக நினைவுத் தூண் நிற்கிறது. தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. மரத்தில் சோறு கட்டிய கைகளுக்குத்தான் பெயர் இல்லை.

நடப்பவர்கள் கவனிக்க வேண்டியது

இன்றும் ஜனங்கள் நெடுந்தூரம் நடக்கிறார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறார்கள். செட்டிநாட்டு நகரத்தார் காவடியோடு தலைமுறை தலைமுறையாக நடந்து போகிறார்கள். இளைஞர்கள் முதுகுப் பை மாட்டிக்கொண்டு மலை ஏறுகிறார்கள். அவர்களுக்குச் சில வார்த்தைகள்:

மூட்டை உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். 60 கிலோ எடை உள்ளவருக்கு 12 கிலோவே அதிகம்.

தாகம் எடுக்கும் வரை காத்திராதீர்கள். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். வேர்வையோடு உடம்பிலிருந்து உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே வயிறு முட்டக் குடித்தால், உடம்பில் உள்ள உப்பு இன்னும் நீர்த்துப் போகும், தலை சுற்றும். உப்புப் போட்ட நீர்மோர், கஞ்சி, கேழ்வரகுக் கூழ் நல்லது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊர் கண்ணில் பட்டதும் வேகத்தைக் கூட்டாதீர்கள். களைத்த கால் அப்போதுதான் இடறும். இடம் வந்ததும் மூட்டையை இறக்குங்கள். காலைக் கொஞ்சம் உயரத்தில் வைத்துப் படுங்கள். செருப்பைக் கழற்றிக் கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கூட வருகிறவர் உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறினால் அது வெயில் தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டு போங்கள். உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். 108-க்குச் சொல்லுங்கள். 'இன்னும் ஒரு மைல்தானே' என்று நடக்க வைக்காதீர்கள்!

நாம் என்ன செய்யலாம்?

2020-ம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனா நோய்க்காக நாடு முழுவதும் ஊரடங்கு போட்டார்கள். பஸ் இல்லை, ரெயில் இல்லை. வேலை தேடிப் போன லட்சக்கணக்கான தொழிலாளர்கள் சொந்த ஊருக்கு நடந்தே கிளம்பினார்கள். முதுகில் மூட்டை, தோளில் குழந்தை. மராட்டியத்திலிருந்து நடந்து வந்த தமிழ் இளைஞர் ஒருவர், செகந்திராபாத்தில் தங்குமிடம் வந்து சேர்ந்த பிறகு உயிர் விட்டார். இடம் கிடைத்தது. ஆனால் நேரம் கடந்து கிடைத்தது!

அப்போதும் பல ஊர்களில் ஜனங்கள் சாலை ஓரத்தில் சோற்றுப் பொட்டலத்தோடு நின்றார்கள். யார் எவர் என்று கேட்கவில்லை.

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் வேலைக்காக வருகிறவர்கள் இன்று எத்தனையோ மாநிலத்தவர். அவர்களுடைய மொழி நமக்குத் தெரியாமல் இருக்கலாம். தாகத்துக்கு மொழி கிடையாது.

புதிதாகச் சத்திரம் கட்ட எல்லோராலும் முடியாது. சுமைதாங்கிக் கல் நடவும் முடியாது. ஆனால் வெயில் காலத்தில் வாசலில் ஒரு பானைத் தண்ணீர் வைக்க முடியும். பக்கத்தில் ஒரு பெஞ்சுப் பலகை போட முடியும். கடைக்காரர் செய்யலாம், தொழிற்சாலைக் காவல்காரர் செய்யலாம், வீட்டில் இருக்கும் பெண்மணியும் செய்யலாம்.

தண்ணீர் கொடுத்தால் ஜெயில் என்று சொல்ல இன்று எந்தக் கலெக்டரும் இல்லை. ஜெயில் என்று சொன்ன காலத்திலேயே கொடுத்தவர்கள் நம் தாத்தா பாட்டிமார்கள்.

பானைக்கு என்ன செலவு ஆகிவிடப் போகிறது?